நாற்காலியில் நடந்த டிரில் வகுப்பு

ஊரடங்கு வந்தபோது தேனியில் ஒரு தனியார் பள்ளியில் நான் டிரில் வாத்தியார். மைதானத்தைப் பூட்டியாயிற்று, இனி மாம்பழம் தின்றுகொண்டு வீட்டில் கிடக்கலாம் என்றிருந்தேன். பள்ளி முதல்வர் போன் செய்தார்.

"கணக்கு, அறிவியல் எல்லாம் ஆன்லைன்ல போகுது. டிரில்லும் போகணும் சார். பேரண்ட்ஸ் கேக்குறாக."

முதல் நாள் வெள்ளைச் சட்டையும் விசிலுமாக மொட்டைமாடியில் நின்றேன். மனைவி செல்போனைப் பிடித்தாள். திரையில் பிள்ளைகளின் முகமே இல்லை, வெறும் கறுப்புக் கட்டங்கள். நான் குதித்தேன். அவர்கள் குதித்தார்களா என்று யாருக்குத் தெரியும்? ஒரு கட்டத்திலிருந்து மிக்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து மாடிகளில் வத்தல் காயப்போட வந்தவர்கள், போட்ட பிறகும் இறங்கவில்லை.

வெயில் தாங்காமல் வகுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். கீழ்வீட்டு ஏலக்காய் வியாபாரியின் மனைவி படியேறி வந்தார்.

"ஏத்தா, ஆட்டுக்கல்ல உருட்டுறீகளா? எங்க வீட்டு ஃபேன் ஆடுது."

"இல்லக்கா, அவுக பாடம் நடத்துறாக" என்றாள் மனைவி.

அதோடு குதிப்பதை விட்டேன். செல்போனைச் சொம்பில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்து, கபடி விதிமுறைகளை நடத்தினேன். கேமராவுக்குத் தெரியாத பக்கம் முறுக்குத் தட்டு இருந்தது. ஒருநாள் மூச்சுவிடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்காட்டப் போய் இருமல் வந்துவிட்டது. கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. செல்போன் வழியாகத் தொற்றிக்கொள்ளும் என்று பயந்துவிட்டார்கள் போலும்.

வயிறு முன்னால் வந்தது. தூக்கம் வரவில்லை. காரணமில்லாமல் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். போனில் பேசிய டாக்டருக்கு என் தொழில் தெரியாது.

"உடற்பயிற்சி செய்யுங்க சார். தெரியலைன்னா யூட்யூப்ல பி.டி. மாஸ்டருங்க அழகாச் சொல்லித் தர்றாக."

அந்த வாரம்தான் முதல்முறையாக ஒரு கட்டத்தில் முகம் தெரிந்தது. எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பெண். மேகமலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும், தேயிலை பறிப்பவரின் மகள். முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஓடியாந்தியா?"

"லைன் வீட்டுல சிக்னல் இல்ல சார். மேட்டுல ஏறுனாத்தான் கிடைக்குது. தினமும் ஏறுறேன்."

"சரி, உக்காரு."

"உக்காந்தா அட்டைப்பூச்சி ஏறுது சார். நின்னுக்கிறேன். இன்னைக்கு என்ன பயிற்சி?"

கபடி முடிந்துவிட்டிருந்ததால் அன்றைக்கு நான் வைத்திருந்தது கண் பயிற்சி. இமைகளை மூடித் திறக்க வேண்டும். அவள் மலைமேல் நின்று பயபக்தியோடு மூடித் திறந்தாள். பக்கத்தில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரிக்க, நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியாமலே அந்தப் பெண்ணும் சிரித்தாள். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் சுகர் ஏறிக்கிருச்சு தம்பி. முன்னால போங்க, வாரேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். அவர் ஏறும்போது நான் இறங்க வேண்டும், இடைவெளி விட வேண்டும் என்று சட்டமும் அவரே போட்டார். தூக்கம் மெல்லத் திரும்பி வந்தது. வயிறு மட்டும் வந்த இடத்திலேயே இருந்தது.

பள்ளி திறந்த அன்று பிள்ளைகளை மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னேன். பாதிச் சுற்றிலேயே பெரும்பாலோர் வேப்பமரத்தடியில் சாய்ந்துவிட்டார்கள். ஒருவன் மூச்சிரைக்கக் கேட்டான்:

"சார், மிச்சத்த ரெக்கார்டிங்கா அனுப்பிருவீகளா?"

எனக்கும் அந்த நிழலில் உட்கார வேண்டும்போலத்தான் இருந்தது. முதல்வர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓடினேன்.