சாம்பிள் பைக்குள் போன மாத்திரை

போன ஐப்பசியில், அடைமழை பெய்த ஒரு காலை, என் வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. அது தலைவலி, காய்ச்சல் மாத்திரை இல்லை. அவர் வயிற்றுக்குள் இருப்பது என் கிட்னி. அவர் உடம்பு அதை வேற்று ஆள் என்று நினைத்துத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரைதான். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று மதுரை டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

சிவனை நம்பி வாழ்கிற உங்களுக்கு என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் பேச்சியம்மாள், ஊர் சிலமலை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறேன். அந்த வேலையால் கிடைத்த இன்சூரன்சில்தான் இத்தனை காலமும் மாத்திரை வந்தது. ஐப்பசியில் கடை கைமாறியது. புது முதலாளி எங்கள் பேரையெல்லாம் மறுபடி பதிந்து முடிக்கும்வரை கார்டு செல்லாது என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கிட்னிக்கு அந்தக் கதையெல்லாம் தெரியுமா?

காசு கொடுத்து வாங்கலாம் என்றால் எங்கள் சக்திக்கு மீறிய விலை. வேறு வழியில் ஏற்பாடு செய்கிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச நாளுக்கு நான் எங்கே போவேன்? "விடு பேச்சி, நடக்கிறது நடக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நடக்கட்டும் என்பதற்கா நான் வயிற்றைக் கிழித்துக் கொடுத்தேன்?

அன்று அந்த மாத்திரை அட்டையை மழையில் நனையாமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கடைகளில் காட்டி, சில்லறையாகக் கிடைக்குமா என்று கேட்பதாக நினைப்பு. வேலைக்கு உட்கார்ந்தபோது பையைப் பக்கத்திலேயே வைத்தேன்.

கடை வாசலில் நின்றால் மலைமேல் பரமசிவன் கோயில் தெரியும். அன்று மேகம் மூடியிருந்தது. அந்தப் பக்கம் பார்த்தபடியே மனசுக்குள் சண்டையை ஆரம்பித்தேன். "என்கிட்ட இருந்ததை நான் குடுத்துட்டேன். இனி உன் முறை. ஒரு மாத்திரை குடுக்க வக்கில்லையா உனக்கு?" என்று கேட்டேன். சாமியிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்படித்தான் கும்பிடத் தெரியும். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, கை வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. ஏலத்துக்குப் போகும் காயில் ஒரு பிடி அள்ளிச் சின்னப் பையில் போட்டு சாம்பிளாக அனுப்ப வேண்டும். வியாபாரிகள் அதைக் கையில் கொட்டிப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். வருசக்கணக்காகச் செய்வதால், திறந்த பை ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகக் காயை அள்ளிப் போட்டுவிடும். மாத்திரை இருந்த பையும் அதே மாதிரிப் பைதான். சாமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் கையே அதில் காயை அள்ளிப்போட்டு மூடி மற்ற பைகளோடு தள்ளிவிட்டது. மதியம் பையைத் தேடும்போதுதான் உறைத்தது. சாம்பிள் எல்லாம் ஏலத்துக்குப் போய்விட்டது.

இருந்த இரண்டு நாள் மாத்திரையும் போயிற்று. நல்லா குடுத்தப்பா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். கூடவே, சாம்பிள் எந்தக் கடையினுடையது, பை போட்டது யார் என்று விசாரித்து வந்த பெரிய வியாபாரி ஒருவர் நின்றார். கையில் என் மாத்திரை அட்டை. வேலை போனது என்றே நினைத்தேன்.

"ஆத்தா, இது யாரு சாப்பிடுற மாத்திரை?" என்று கேட்டார் வியாபாரி.

"எங்க வீட்டுக்காரருதுண்ணே. தெரியாம விழுந்துருச்சு. வேலைய விட்டு நிப்பாட்டிறாதீக."

"கிட்னி மாத்துனவரா? யாரு குடுத்தது?"

"நாந்தான்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். அதே பெயர், அதே அளவு.

"எனக்கு எங்க அக்கா குடுத்துச்சு" என்றார். "ஏலத்துக்கு எப்பவும் தம்பிதான் போவான். இன்னைக்கு அவனுக்கு வேற சோலி வந்துருச்சு, நான் போனேன். சாம்பிளக் கொட்டுனா இது என் உள்ளங்கைல விழுகுது. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு ஆத்தா."

நான் கடையின் நிலையைச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "வீட்டுல சேத்து வாங்கி வச்சிருக்கேன். வெரசாப் போயி எடுத்துட்டு வர்றேன். நீ அதுக்குள்ள டாக்டருக்குப் போனப் போட்டு இதையே குடுக்கலாமான்னு கேளு" என்று வண்டியை எடுத்தார். கொடுக்கலாம் என்றார் டாக்டர். அன்று ராத்திரி மாத்திரை என் வீட்டுக்காரருக்கு ஒரு நிமிசம்கூடத் தவறவில்லை. கார்த்திகையில் கார்டு சரியாகும்வரை அந்த அண்ணன் கொடுத்ததே ஓடியது.

எத்தனை வியாபாரிகள் உட்காருகிற இடம், எத்தனை பைகள். அதில் இது அந்த ஒரு கைக்குப் போக வேண்டுமென்றால் போட்டது என் கைதானா? மருந்துக் கடையில் காட்டியிருந்தால் இல்லை என்ற பதில்தான் கிடைத்திருக்கும். அதனால்தான் என்னிடமிருந்து அதைப் பிடுங்கி, அதன் அருமை தெரிந்தவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தான் அந்த அப்பன்.

இப்போதும் சாமியிடம் சண்டை போடாமல் இல்லை. ஆனால் முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். ஏதாவது கைநழுவிப் போனால் முன்போல் அலறுவதில்லை, யார் கைக்குப் போகிறதோ என்று காத்திருக்கிறேன். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். மனசுவிட்டுக் கேளுங்கள். பணிவாகக் கேட்க வராவிட்டால் என்னைப் போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டார்.