பலகையின் கடைசி வரி

தாராவியில் கனகவள்ளியின் மளிகைக் கடைக்கு எதிர்ச்சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. ஞாயிறு காலையில் டியூஷன் டீச்சர் விஜயராணி அந்த வாரத்துச் செய்திகளை அதில் தமிழில் எழுதிப்போடுவாள். தண்ணீர் வராத நாள், கோயில் கொடை விழா, யார் வீட்டில் துக்கம் எல்லாம் வரும். கடைசி வரி மட்டும் சந்தோஷச் செய்திக்கு. எவ்வளவு கெட்ட வாரமானாலும் அந்த வரியை அவள் காலியாக விட்டதில்லை. ஒரு தடவை யார் வீட்டுப் பூனையோ குட்டி போட்டதைக்கூட எழுதினாள்.

இந்த வாரம் அந்த வரி கனகவள்ளிக்கு உரியது. நாற்பதைத் தாண்டியவள், இரவுப் பள்ளியில் படித்துப் பத்தாவது தேறியிருந்தாள். ஆனால் பெயரைப் போட முடியாது. பெண் பத்தாவது பாஸ் என்று அவள் அப்பா சொல்லித்தான் கல்யாணமே முடிந்தது. ஒன்பதோடு நின்றவள் என்பது, பள்ளிக்குப் போகட்டுமா என்று அவள் கேட்ட அன்றுதான் புருஷன் ஜெயகணேஷுக்கே தெரியும். அவன் கோபப்படவில்லை. தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று தன் வீட்டு ஆட்களிடம் சொல்லிவைத்தான். இப்போது, "பேரு வேண்டாம் புள்ள, அண்ணன் வீட்டுல சிரிப்பாங்க" என்றான். அவளும் சரி என்றாள். பாஸான சந்தோஷம் அப்போதே பாதி போய்விட்டது.

ஞாயிறன்று ஜெயகணேஷின் அண்ணி முருகம்மாள் கோவண்டியிலிருந்து வந்தாள். பம்பாயிலேயே பிறந்து இந்தியில் படித்தவள், தமிழ் எழுத்து ஓடாது. பலகை முன்னால் நின்று வாசிக்கச் சொன்னாள்.

கனகவள்ளி வாசித்தாள். புதன்கிழமை தண்ணீர் வராது. அடுத்த ஞாயிறு ஹார்பர் லைனில் மதியம் ரயில் இல்லை. கடைசி வரியில், நம் தெருப் பெண் ஒருவர் பத்தாவது தேர்ச்சி என்று இருந்தது.

"கனகவள்ளி பத்தாவது தேர்ச்சி" என்று வாசித்தாள்.

"எந்தக் கனகவள்ளி?"

"நான்தான்க்கா."

"நீ கல்யாணத்துக்கு முந்தியே பாஸ்லா?"

"அது எங்கப்பா பாஸாக்குனது. இது நான் எழுதுனது."

கடைக்குள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ஜெயகணேஷின் கை அப்படியே நின்றது.

"பத்து பாஸுன்னு உன்னையச் சொல்லிச் சொல்லித்தான் நம்ம அத்தை என்னைய ஏசுவாவ" என்றாள் முருகம்மாள். குரலில் வருத்தம் இருந்தது. பிறகு கணக்கில் எவ்வளவு என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றதும், தப்பிச்சே போ என்று தோளில் இடித்தாள்.

மதியம்வரை ஜெயகணேஷ் மனைவியிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. எண்ணெய் வாங்க வந்த ரஹ்மத்துல்லா பாய், அதற்குள் தெருவில் கேள்விப்பட்டு, வீட்டம்மா பாஸாமே என்று விசாரித்தார்.

"ஆமா பாய்" என்றான் ஜெயகணேஷ், சில்லறையைக் கொடுத்துக்கொண்டே. "இங்கிலீஷ்ல நல்ல மார்க். கணக்குதான் கொஞ்சம் கம்மி."