இறக்கி ஏற்றிய பலகை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு ஒரு நெய்க்கடை இருந்தது. மொட்டைக் கோபுரம் தாண்டி உள்ளே வந்தால் அந்த வீதியில் வரிசையாக நெய்க்கடைகள்தான். கடை என் வீட்டுக்காரர் பேரில். திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வருகிற வெண்ணெயைக் கொல்லையில் உட்கார்ந்து உருக்குவது நான். முருங்கை இலை பொரிந்து அடங்குகிற பதத்தில் இறக்கினால் பக்கத்து வீடு வரை மணக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

கலப்படம் பார்க்க வருகிற அதிகாரி ஒருவருக்கு எல்லாக் கடையும் மாமூல் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வனஸ்பதியும் நெய்தான். கொடுக்காவிட்டால் நெய்யும் வனஸ்பதிதான். வெறுத்துப்போய் ஒருநாள் கடைக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். இனி யாரும் மாமூல் கொடுப்பதில்லை, யாரும் கலப்பதில்லை, ஒரு கடைக்குத் தொல்லை வந்தால் எல்லாரும் சேர்ந்து நிற்பது என்று பேசி, கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சங்கம் ஒன்று ஆரம்பித்து மாதச் சந்தாவும் வைத்தார்கள். 'இங்கே கலப்படம் இல்லை' என்று ஒரே மாதிரி பச்சைப் பலகை எழுதி எல்லாக் கடையிலும் மாட்டினார்கள். அன்றைக்கு நான் சலிக்காமல் காப்பி போட்டேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அதிகாரி இரண்டொரு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். வெளியூர் ஜனங்கள் பலகையைப் பார்த்தே வாங்கினார்கள். எல்லாருக்கும் வியாபாரம் ஏறியது.

வெண்ணெய் கொண்டுவருகிற அம்மாதான் முதலில் கேட்டாள். "ஏம்மா, உங்களைத் தவிர இந்தத் தெருவுல யாருமே இப்ப வெண்ணெய் சரியா எடுக்க மாட்டேங்குறாங்க. அப்புறம் நெய்யை எதுலேருந்து உருக்குறாங்க?"

அவள் கேட்டதை அப்படியே கடையில் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் அப்போதே சங்கத் தலைவரிடம் போனார். வீதியிலேயே பெரிய கடை அவருடையது. அவர் மறைக்கக்கூட இல்லையாம்.

"அதிகாரி ஏன் வர்றதில்லைன்னு நினைச்சீங்க தம்பி? நம்ம சந்தாதான் மாசாமாசம் அவருக்குப் போகுது. தனித்தனியா குடுக்கறதைவிட இது கௌரவம் பாருங்க. போர்டு இருக்கு, ஜனங்க நம்புறாங்க. நீங்க கலக்க வேணாம், யாரு உங்களைக் கட்டாயப்படுத்துறா?"

மாமூலை ஒழிக்கிறோம் என்று எங்கள் கையாலேயே மாமூல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வீட்டுக்காரர் வந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. நேரே கடைக்குப் போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து விறகு அடுக்கில் போட்டார். சந்தாவையும் நிறுத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்ப்பான் என்று நினைத்தேன்.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. எல்லாக் கடையிலும் பலகை இருக்கிறது, இங்கே மட்டும் இல்லை. அப்படியானால் இங்கேதான் கலப்படம். பிடித்துவிட்டார்களாம், சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம் என்று பேச்சு கிளம்பியது. கடைக்கு வந்தவர்கள் வாசல் நிலைக்கு மேலே பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள்.

வருஷக்கணக்காக எங்களிடமே வாங்கிய மாமி ஒருவர் தூக்கும் கையுமாக எதிர்க்கடையில் நிற்பதைப் பார்த்தேன். பொறுக்காமல் ஓடிப்போய், "மாமி, அங்கதான் கலக்குறாங்க" என்றேன்.

"கோவிச்சுக்காதேம்மா. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ற நெய். மனசுல சந்தேகத்தை வெச்சுண்டு வாங்கப்படாது. எல்லாக் கடைக்காராளும் அடுத்த கடையைத்தானே சொல்றா?"

அந்த மாமி வனஸ்பதியைப் பயபக்தியோடு மூடி எடுத்துக்கொண்டு போனார்.

வெண்ணெய் தேங்கிப் புளித்தது. நெய் தகரத்திலேயே கிடந்தது. "நாளையிலேருந்து வேணாம்மா" என்று வெண்ணெய்க்காரம்மாவிடம் சொன்னேன். வீட்டில் இருந்த பித்தளை ஒவ்வொன்றாக மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனது. வைகுண்ட ஏகாதசி நெருங்கியது. வருஷத்து வியாபாரமே அந்த நாட்களில்தான். அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரர் விறகு அடுக்கிலிருந்து பலகையை எடுத்தார். ஈரத்துணியால் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, மாட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. விட்டுப்போன சந்தாவையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பலகையைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

அன்றைக்கே கூட்டம் வந்தது. மாமியும் வந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விடச் சொல்லி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதுன்னா நெய். ஏதோ போறாத காலம், தப்புப் பண்ணிட்டேள். இப்போ திருந்திட்டேளே, அது போறும்."

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஏதாவது சொல்வார், இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தூக்கில் நெய்யை ஊற்றி மூடிக் கொடுத்தார்.

"ஆமாம் மாமி" என்றார்.

கடை பிழைத்தது, அதில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் செய்யாத தப்பை ஒப்புக்கொண்ட அந்த ஒரு 'ஆமாம்' போட்ட சோறுதான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டது என்று நினைத்தால், இன்றைக்கும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறேன்.