வீட்டில் கேட்ட ஆண்குரல்

ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என் குரலும் அம்மாவின் குரலும் ஒன்றுதான். டெலிபோனில் நான் "ஹலோ" என்றால் எதிர்முனையில் இருப்பவர்கள் "நல்லாருக்கியாம்மா?" என்பார்கள். நானும் திருத்த மாட்டேன். விளாத்திகுளத்து அத்தை ஒருமுறை தன் மருமகளைப் பற்றிக் கால்மணி நேரம் குறை சொல்லி அழுதுவிட்டு, "யார்ட்டயும் சொல்லிராத மதினி" என்று போனை வைத்தாள். இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவுக்குத் தீப்பெட்டி விற்கிற வேலை. கோவில்பட்டித் தீப்பெட்டிக்கு வடக்கே ஆர்டர் பிடிக்க ரயிலேறினால் மூன்று வாரம் கழித்துத்தான் வருவார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்த அந்த ஐப்பசியில் போனவர் ஒன்றரை மாதம் ஆகியும் திரும்பவில்லை. அதற்குள் வீட்டில் எனக்கு என்னென்னவோ நடந்துவிட்டது.

முதலில் குரல். பள்ளியில் காலை வணக்கப் பாட்டை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு திங்கள்கிழமை இரண்டாவது அடியில் மேலே போன குரல், மேலேயே நின்றுவிட்டது. கீழே வேறு யாரோ பாடினார்கள். அதுவும் நான்தான். ஆயிரம் பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழாசிரியர் மைக்கை வாங்கிக்கொண்டு, "தொண்டை கட்டிருக்கு, போய் நில்லு" என்றார்.

தொண்டைக்கட்டு என்று ஆசிரியரே சொல்லிவிட்டதால் அம்மா வைத்தியத்தில் இறங்கினாள். காலையில் மிளகுப்பால். மதியம் பனங்கற்கண்டு. சாயந்திரம் சித்தரத்தைக் கஷாயம். பத்து நாளில் சரியாகாமல் போகவே அளவை இரட்டிப்பாக்கினாள். எனக்கு வயிறு கெட்டதே தவிர குரல் ஏறவில்லை, இன்னும் கீழே இறங்கியது.

குரலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூக்கின் மேல் பரு. மேலுதட்டில் கரி தடவினாற்போல ஒரு கோடு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தீபாவளிக்குத் தைத்த முழுக்கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. "துணி சுருங்கிட்டு" என்று அம்மா தையல்காரரிடம் சண்டைக்குப் போனாள். மனசு அதைவிட மோசம். "சாப்டியாலே?" என்று அம்மா கேட்டால் கோபம் வந்தது. கேட்காவிட்டால் அழுகை வந்தது. டியூஷனில் ஒரு பெண் ரப்பர் கேட்டாள். மொத்த ஜாமெட்ரி பாக்ஸையும் அவளிடம் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்கத் தைரியமில்லாமல் ஒரு வாரம் காம்பஸ் இல்லாமல் வட்டம் போட்டேன். எல்லாம் கோழிமுட்டை மாதிரி வந்தன.

இதைப் பற்றியெல்லாம் அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்திருக்கிறது. அந்தப் பாடம் வந்த அன்றைக்கு ஆசிரியர் தொண்டையைச் செருமி, "இது லேசான பாடந்தான், வீட்ல வாசிச்சுக்கோங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். நான் வீட்டில் வாசிக்க எடுத்தேன். படத்தைப் பார்த்த அம்மா புத்தகத்தை மூடி, "கணக்கைப் போடு மொதல்ல" என்றாள். ஆகவே எனக்கு வந்திருப்பது ஏதோ பெரிய நோய் என்றும், அம்மாவுக்கு அது தெரிந்தும் மறைக்கிறாள் என்றும் முடிவுக்கு வந்தேன். ஆட்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். டெலிபோன் பக்கமே போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தாள். நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"ஹலோ" என்றேன். இட்லியோடு சேர்ந்து அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

கொஞ்ச நேரம் கரகரவென்ற இரைச்சல். பிறகு அப்பாவின் குரல். "யாரு பேசுதது?"

"நான்தான்."

"நான்தான்னா யாருவே நீரு?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்னிடம் "நீரு, உமக்கு" என்று மரியாதையாகத்தான் பேசுவார். பரீட்சை மார்க் தெரிந்துவிட்டது என்று நினைத்து நான் பயந்துபோனேன். பயத்தில் குரல் இன்னும் கனத்தது.

"அங்கன என்னவே செய்யுதீரு?"

"இட்லி தின்னுக்கிட்டு இருக்கேன்."

"அவ எங்க?"

"குளிக்காங்க."

"எத்தன நாளா அங்கன இருக்கீரு?" என்றார்.

கேள்வி எனக்குப் புரியவில்லை. "நான் எங்கயும் போகலயே, இங்கனதான் இருக்கேன்" என்றேன்.

போன் வைக்கப்பட்டது.

நான் மிச்ச இட்லியைத் தின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும். எதிர்வீட்டு இரும்புக்கடை பாய், கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். நாக்பூரிலிருந்து அப்பா அவர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். பாய் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நெல் பத்தாயத்தைத் திறந்து பார்த்தார். அம்மா ஈரத்தலையில் துண்டோடு வெளியே வந்து, "என்னண்ணே தேடுதீக?" என்றாள்.

"வீட்ல யாரு வந்திருக்கா தங்கச்சி?"

"யாரும் வரலியே."

பாய் என் பக்கம் திரும்பினார். "ஏலே, யாரோ ஆம்பள போன் எடுத்தானாமே. நீ பாத்தியா?"

"நான்தான் மாமா எடுத்தேன்" என்றேன்.

பாய் கட்டையைச் சுவரில் சாத்தினார். என் மேலுதட்டைப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார். பிறகு எங்கள் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். விஷயம் தெரிந்ததும் அம்மாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அந்த மாதங்களில் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

பாய் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அப்பா திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மணி அடித்ததும் எடுத்து, "ஆள் சிக்கிட்டான் அண்ணாச்சி. இந்தா பேசுங்க" என்று என்னிடம் நீட்டினார்.

"அப்பா, நான்தாம்ப்பா."

அப்பா நம்பவில்லை. "எங்க, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு" என்றார்.

பாயும் அவர் மனைவியும் அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கே பழகாத அந்தக் குரலில் வாய்ப்பாடு சொன்னேன். ஏழு வரைக்கும் ஒழுங்காகப் போனது. "எட்டுப் பதினாறு நூத்தி இருபத்தாறு" என்றேன்.

"நம்ம பயதான்" என்றார் அப்பா. "எப்ப இருந்துலே?"

"ஒரு மாசமா."

"வலிக்கா?"

"இல்லப்பா."

"சரி" என்றார். அந்த "சரி" கொஞ்சம் தடுமாறியது. லைன் கோளாறாகவும் இருக்கலாம்.

போனை வைத்ததும் நான் அழுதேன். பாயின் மனைவி என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள். "இதுக்கா அழுத? எங்க மூத்தவன் ஆறு மாசம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கிட்டுத் திரிஞ்சான். எல்லாப் பயலுக்கும் வாரதுதான். அதுபாட்டுக்கு நின்னுரும்" என்றாள். அவள் மூத்த மகன் அப்போது லாரி செட்டில் நின்றுகொண்டு தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஆட்களை ஏவுகிறவன். அவனே ஆட்டுக்குட்டியாக இருந்திருக்கிறான் என்றால் நான் பிழைத்துவிடுவேன் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கஷாயத்தைக் கீழே கொட்டினாள். அன்றைக்குத்தான் கவனித்தேன், அவள் என் முகத்தைப் பார்க்க அண்ணாந்தாள்.

பத்து நாள் கழித்து அப்பா வந்தார். பெட்டியிலிருந்து எனக்காக வாங்கிய இரண்டு அரைக்கால்சட்டைகளை எடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். சாயந்திரம் "வா, நடந்துட்டு வருவோம்" என்றார். எதற்கும் என்னை நடக்கக் கூப்பிடாத மனிதர். மழை பெய்திருந்த கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொள்ள, இருவரும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் உயரமாகிக்கொண்டே ரயில்வே கேட் வரை போனோம். கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போனது.

"உனக்கு எதும் கேக்கணுமாலே?" என்றார் தண்டவாளத்தைப் பார்த்தபடி.

"இல்லப்பா."

"கேக்கணும்னா கேளு."

"சரிப்பா."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ரயிலில் இரண்டு ராத்திரி அதையே யோசித்து வந்திருப்பார் போல. பாவமாக இருந்தது. ஆனால் திரும்பி நடக்கும்போது கேட்டுவிட்டேன். "அப்பா, சும்மா சும்மா கோவம் வருதே, அது எப்ப நிக்கும்?"

அப்பா நின்றார். ஒரு குச்சியை எடுத்துச் செருப்பு மண்ணைச் சுரண்டினார். ஒரு செருப்பை முடித்துவிட்டு அடுத்ததையும் சுரண்டினார்.

"தெரியலலே" என்றார். "எனக்கு இன்னும் நிக்கல."