செவலையின் தாடை

நாட்றாம்பாளையத்து நாராயணப்பனுக்கு ஆடு வளர்ப்பு ஒரு தொழில், வாய்க்கட்டு இன்னொரு தொழில். காட்டோரப் பட்டிகளில் சிறுத்தை வாய் திறக்காதபடி மந்திரம் சொல்லிக் கயிற்றில் முடிச்சுப் போடுவார். முடிச்சுப் போட்ட பட்டியிலேயே சிறுத்தை ஆடு தூக்கும். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒருநாளும் செரித்ததில்லை.

போன தை மாதம் அவருடைய காவல் நாய் செவலை, அன்புமணி வீட்டுக் கோழியைத் தின்றுவிட்டது. "சிறுத்த கெடக்கட்டும், மொதல்ல உன் நாய் வாயக் கட்டுய்யா பாக்கலாம்" என்று அன்புமணி சந்தையில் வைத்துக் கத்தினான். அடுத்த வாரமே செவலையின் தாடை பூட்டிக்கொண்டது. ஒரு விரல்கூட உள்ளே நுழையவில்லை. ஊர் அரண்டுவிட்டது. தேங்காய் பழத்தோடு வந்து கும்பிட்டு நின்றவன் அதே அன்புமணிதான். நாராயணப்பன் மறுக்கவில்லை. "கட்டுனேன்" என்றார்.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் மேகலா லீவில் வந்தவள், பதறிப்போய் நாயைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனாள். "இது நோய்மா. கிருமிய எதிர்க்க வேண்டிய சக்தி, தாடைத் தசையவே எதிரின்னு நெனச்சு அழிக்குது. மாத்திரையில வாய் திறக்கும். நடுவுல நிறுத்திராதீங்க" என்றார் டாக்டர்.

மாத்திரையைக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கும்படி அப்பனிடம் சொல்லிவிட்டு மேகலா வேலைக்குத் திரும்பினாள். அவரும் கொடுத்தார். சில நாளில் வாய் கொஞ்சம் திறந்து, செவலை அவர் கையை நக்கியது. வாய் முழுதாகத் திறந்துவிட்டால் ஊர் மறுபடி சிரிக்குமே! அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். தாடை மறுபடி பூட்டிக்கொண்டது. தலைச் சதை வற்றி மண்டை எலும்பு துருத்தியது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் மூடிய வாயோடு எதிரில் வந்து வாலாட்டும். பாவி மனிதர், தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

மாசிக் கடைசியில் சிறுத்தை அவர் பட்டிக்கே வந்தது. விடிந்து பார்த்தால் ஆடுகள் எல்லாம் பத்திரம். பட்டி வாசலில் ரத்தமும் செவலையின் கழுத்துப் பட்டையும் கிடந்தன.

"யோவ், சிறுத்த வாயக் கட்டச் சொன்னா, நாய் வாயக் கட்டி அதுக்கு ஊட்டி வுட்டுட்டியேய்யா!" என்றான் அன்புமணி. ஊர் பழையபடி சிரித்தது.

சேதி கேட்டு வந்த மேகலா, மாடத்தில் மீந்துகிடந்த மாத்திரைகளைப் பார்த்தாள். அழவில்லை. அவற்றை எடுத்து அப்பன் மடியில் போட்டாள்.

"அந்த வாய வெச்சிக்கிட்டும் அது உன் ஆட்டுக்கு முன்னாடிதான் போயி நின்னுருக்குதுப்பா."