நலமாக இருந்தவர்களையும் சோதித்த ரெபேக்கா மேடம்

ரெபேக்கா மேடம் போய்விட்டார் என்று ஆய்வகத்திலிருந்து ரவி போன் செய்தபோது உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். இரண்டு நாளாக அவருக்கு நெஞ்சு வலி. "கேஸுங்க, சரியாப் போயிரும்" என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார். எதையும் சோதிக்காமல் நம்பாத நுண்ணுயிரியல் நிபுணர், தன் நெஞ்சை மட்டும் சோதிக்கவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

வால்பாறை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒருமுறை வாந்திபேதி. மாதிரி எடுத்து வருவது என் வேலை. படுத்துவிட்ட நான்கு பேரின் மல மாதிரிகளோடு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆய்வகத்துக்கு வந்தேன். காலரா என்று உறுதியானதும் மேடம் என்னை மறுபடியும் மலையேறச் சொன்னார்.

"நல்லா இருக்கறவங்ககிட்டயும் எடுத்துட்டு வாங்க."

"அவங்ககிட்ட எதுக்குங்க மேடம்?"

"அந்தக் காலத்துக் காலரா ஆளைச் சாய்ச்சுப்போடும், தெரிஞ்சுரும். இப்ப இருக்கற எல் டோர் வகை அப்படியில்லீங்க. ஒருத்தரைப் படுக்க வெச்சுப்போட்டுப் பல பேரு வயித்துல சத்தமில்லாம உக்காந்திருக்கும்."

திட்டிக்கொண்டே போனேன். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கும் முத்தம்மா, "ரெண்டு தடவ வெளிக்குப் போனதுக்கெல்லாம் டெஸ்ட்டா?" என்று கரண்டியோடு எழுந்தார். கெஞ்சித்தான் வாங்கினேன். அவர் வயிற்றிலும் அதே கிருமி. மருந்து கொடுத்துச் சமையலிலிருந்து நிறுத்தினோம். குழந்தைகளில் ஒருவருக்கும் நோய் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே லைனில் மறுபடியும் வந்தது. ஒரு சுகாதார அதிகாரி, "அங்க எல்லாருக்கும் வந்துபோனதுதானுங்க, எதிர்ப்பு சக்தி இருக்கும்" என்று குடிநீரில் கலக்க வைத்திருந்த குளோரின் லாரியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார். மேடம் மூன்று கடிதம் எழுதினார். காலராக் கிருமியின் உட்பிரிவுகளில் போன தடவை வந்தது ஒகாவா, இந்தத் தடவை இனாபா; ஒன்றைக் கண்ட உடம்பு மற்றதை முழுவதும் தடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. "லேசா வந்துபோனதை உடம்பும் லேசாத்தானுங்க ஞாபகம் வெச்சிருக்கும்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பதில் வரவில்லை.

நான்காம் நாள் முத்தம்மாவைக் கண்கள் குழிவிழுந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஆறுமுகம் பிழைக்கவில்லை.

அன்று மேடம் கடித நகல்களை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் மூன்றையும் உரக்கப் படித்தார். கடைசிக் கடிதத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அன்று மதியமே லாரி மலையேறியது.

இரங்கல் கூட்டத்தில் அதே அதிகாரி, "மேடம் ரொம்பப் பொறுமைசாலிங்க" என்றார். மேடத்தைத் தெரிந்த நாம் யாரும் இதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. பொறுமை அவரிடம் கிடையாது.

எனக்கு மிஞ்சியிருப்பதும் அந்தப் பொறுமையின்மைதான். வந்துபோன நோய்தானே என்று யாராவது சொன்னால், எந்த வகை, யாருக்கு, எவ்வளவு கடுமையாக என்று கேட்காமல் விடுவதில்லை. மாதிரி எடுக்கப் போகிறவர்கள் இப்போது என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.