நாற்பத்தெட்டுப் பலகைகளில் ஓர் அலை

"மெதுவா போ தங்கம், முனை வருது" என்று சொல்லியபடி காதுக்கவசத்தை ஒரு பக்கம் விலக்குகிறார் ரவுட்டரம்மா. பலகையைச் செதுக்கும் அந்த 'ரவுட்டர்' இயந்திரம் கணினி சொல்வதை மட்டுமே கேட்கும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் பேசுவார். சத்தம் லேசாகக் கரகரத்தால் போதும், "கட்டர் மழுங்கிடுச்சு" என்று நிறுத்திவிடுவார். பட்டறையில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

புருவம் வரைக்கும் மரத்தூள். வீட்டு வாசலில் கணவர் துண்டோடு காத்திருப்பாராம். "பாசம்னு நினைக்காதீங்க. சோபாவைக் காப்பாத்துறாரு!"

ஆறு வாரமாக ஒரு நூலகச் சுவருக்கு நாற்பத்தெட்டுப் பலகைகள் செதுக்கினார். தனித்தனியே பார்த்தால் வெறும் வளைகோடுகள். வரிசையாக ஒட்டினால் சுவர் நெடுக ஒரே அலை. அந்த அலையை அவரேகூடக் கணினித் திரையில்தான் பார்த்திருந்தார்.

நேற்றுக் காலை, பலகை ஒட்டுபவரிடமிருந்து போன். "ரவுட்டரம்மா, கடைசிப் பலகையில கோடு எங்கயோ போகுது! ஒட்டிட்டேன் வேற. பசை இறுகக் கால் மணி நேரம்கூட இல்ல!"

இறுகிய பிறகு பிடுங்கினால் பலகை உடையும். அதே நிறத்தில் இன்னொன்று வெட்டப் பட்டறையில் பலகை மிச்சமில்லை. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நூலகம் வரைக்குமான இரண்டு தெருவையும் ஓடியே கடந்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க!" சுவரில் கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவர் கோடுகள் எல்லாமே அடியில் ஆழமாகத் தொடங்கி, மேலே போகப்போக மெலியும். இதில் மட்டும் ஆழம் உச்சியில் இருந்தது.

"அண்ணே, இது தலைகீழா நிக்குது! பின்னாடி அம்புக்குறி போட்டிருந்தேனே?"

"அம்பு சரியாத்தான்மா இருந்துச்சு. எனக்குத்தான் தலை சுத்திடுச்சு."

ஆளுக்கொரு பக்கம் தகட்டைச் செருகி நெம்பினார்கள். பசை நூல் நூலாக இழுபட்டது. எங்கோ 'சடக்' என்றது. இருவரும் குனிந்து விளிம்பைப் பார்த்தார்கள். நல்லவேளை, தகடுதான் வளைந்திருந்தது. பலகை முழுசாகக் கைக்கு வந்தது.

திருப்பி வைத்து அழுத்தினார்கள். கோடும் கோடும் கைகோத்தன. கதவருகே கிளம்பிய அலை ஜன்னல் வரை ஒரே மூச்சில் பாய்ந்தது.

"ஓடுதுண்ணே! ஓடுது பாருங்க!" புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

ரவுட்டரம்மா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, கதவருகே போய் முதல் பள்ளத்தில் ஒரு விரலை வைத்தார். விரலை எடுக்காமலே ஜன்னல் வரை நடந்தார். பிறகு விறுவிறுவென்று கதவுக்கே திரும்பி, மறுபடியும் விரலை வைத்தார்.